நெட்காரர் மாட்டுன பாக்ஸுக்கு பின்னாடி நம்ம சொந்த ரவுட்டர்

ஃபைபர் கனெக்‌ஷன் குடுக்க வர்றவங்க பாக்ஸ எங்க மாட்டுவாங்க? கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற முதல் சுவத்துல. ஹால் ஜன்னல் ஓரம், இல்லன்னா வாசக்கதவுக்கு மேல, சில வீட்டுல செருப்பு ஸ்டாண்டுக்கு மேலயே தொங்கிட்டு இருக்கும். அவங்கள குறை சொல்ல முடியாது, கேபிள் மிச்சம், அடுத்த வீட்டுக்கு ஓடணும். ஆனா நங்கநல்லூர்ல எங்க ஃப்ளாட் மாதிரி பழைய கட்டடம்னா ஒம்பது இன்ச் செங்கல் சுவர், நடுவுல ஒரு ஸ்டீல் பீரோ, அதத் தாண்டி பின் பெட்ரூம்ல போன பாத்தா வைஃபை ஒரே ஒரு கோடு. மாசாமாசம் 200 எம்பிபிஎஸ்க்கு காசு கட்டிட்டு ஆஃபீஸ் கால் வந்தா லேப்டாப்ப தூக்கிட்டு ஹாலுக்கு ஓடுறது. கஸ்டமர் கேர்ல சொன்னா ப்ளான 300க்கு ஏத்திக்கோங்க சார்ம்பாங்க. சுவத்துக்கு நம்ம ப்ளான் எவ்ளோன்னு தெரியுமா என்ன.

அதனால சொந்தமா ஒரு ரவுட்டர் வாங்கி வீட்டுக்கு நடுவுல வச்சேன். இத பத்தி தெரிஞ்சவங்க நெறைய பேர் கேக்குறாங்க, எல்லாருக்கும் வாட்ஸப் வாய்ஸ் நோட் போட்டு தொண்ட வலிக்குது, அதான் எழுதிடலாம்னு.

மொதல்ல எல்லாரும் கேக்குறது, அவங்க பாக்ஸ தூக்கிப்போட்டுட்டு நேரா நம்ம ரவுட்டர்ல ஃபைபர சொருகிட முடியாதாங்குறது. முடியாது. அந்த பாக்ஸ், அதாவது ஓஎன்டி, ஒளிய மின் சிக்னலா மாத்துற வேலைய பண்ணுது, அதோட சீரியல் நம்பர் அவங்க ஆஃபீஸ் பக்கத்து மெஷின்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கும், வேற பாக்ஸ சொருகுனா உள்ளயே விடாது. அதனால ஓஎன்டி இருக்கட்டும், அதோட லேன் போர்ட்ல (LAN, வீட்டு சாமான சொருகுற ஓட்ட) இருந்து ஒரு ஒயர் எடுத்து நம்ம ரவுட்டரோட வேன் போர்ட்ல (WAN, வெளி நெட் உள்ள வர்ற ஓட்ட) சொருகுறோம், அவ்ளோதான் மொத்த கதையும். ஃபைபர் பக்கம் கைய வைக்காதீங்க. அந்த பச்சை கலர் கனெக்டர கழட்டி தொடச்சு திருப்பி போடுறேன்னு கெளம்புனா நுனியில ஒரு தூசி போதும் சிக்னல் கம்மியாக. ஒளி அளவு ப்ரவுசர்ல தொறக்குற ஓஎன்டியோட செட்டிங் பேஜ்ல டிபிஎம்ங்குற (dBm) அளவுல போட்டிருக்கும், மைனஸ் 27க்கு கிட்ட போச்சுன்னா விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம், மைனஸ் 20 பக்கம் இருந்தா நிம்மதி. எல்ஓஎஸ்னு சிவப்பு லைட் எரிஞ்சா ஒளியே வரல, அப்ப நம்ம ரவுட்டர எத்தன தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் ஒண்ணும் நடக்காது.

இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். ஜிபான்னு ஒரு டெக்னாலஜிலதான் பெரும்பாலான வீட்டு ஃபைபர் ஓடுது, அதுல ஒரு லைன்ல கீழ வர்ற மொத்த ஸ்பீடு கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ், அத ஸ்ப்ளிட்டர் போட்டு 32 வீடு, சில எடத்துல 64 வீடு வரைக்கும் பிரிச்சுக்கறாங்க. சாயங்காலம் மேட்ச் நேரத்துல தெருவே ஒண்ணா பாக்குறப்போ ஸ்லோ ஆகுதுன்னா அது நம்ம ரவுட்டர் கையில இல்ல. பாக்ஸ் பக்கத்துலயே ஒயர் சொருகி டெஸ்ட் பண்ணும்போதும் ஸ்பீடு வரலன்னா ரவுட்டருக்கு காசு செலவு பண்ணாதீங்க, நெட்காரருக்கு போன் போடுங்க. ஒயர்ல நல்லா வருது, ரூம்ல வரலன்னா மட்டும் மேல படிங்க.

ரவுட்டர் வாங்கறதுல ஒரு ஏமாத்து இருக்கு. டப்பால பெருசா 1200னு போட்டிருக்கும், அது வைஃபையோட ரெண்டு அலைவரிசை, 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல 300ம் 5 ஜிகாஹெர்ட்ஸ்ல 867ம் கூட்டி ரவுண்டு பண்ண கணக்கு. திருப்பி பின்னாடி பாத்தா போர்ட் எல்லாம் 100 எம்பிபிஎஸ். 200 ப்ளான் போட்டிருக்கவங்க அத வாங்குனா ஸ்பீடு டெஸ்ட்ல 94, 95ல வந்து நிக்கும், அதுக்கு மேல நகராது. 94ங்குற நம்பர் எங்க பாத்தாலும் நடுவுல எங்கயோ ஒரு 100 போர்ட் இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். ஓஎன்டிலயே சிலதுல ஒரு போர்ட் மட்டும்தான் ஜிகாபிட், மீதி 100, அதனால எதுல சொருகுறோம்னு பாக்கணும். இல்லன்னா ஒயர். எட்டு கம்பி இருக்கவேண்டிய ஒயர்ல நாலு கம்பி மட்டும் க்ரிம்ப் பண்ணி (முனையில கனெக்டர வச்சு அழுத்தி) குடுக்குற ஆளுங்க இன்னும் இருக்காங்க, நாலு கம்பில 100 தான் போகும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். கனெக்டர லைட்ல காட்டி பாத்தாலே தெரியும்.

ஒயர் வாங்க மெட்ராஸ் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஆன்லைன்ல கெடைக்காதான்னு கேட்டா கெடைக்கும், ஆனா மவுண்ட் ரோட்ல எறங்கி அந்த சந்துக்குள்ள நொழஞ்சு மீட்டர் கணக்குல வெட்டி வாங்கி அங்கயே ரெண்டு முனையும் க்ரிம்ப் பண்ணி டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியறத பாத்துட்டு வர்ற திருப்தி தனி. கடைல கேட்டு வாங்குங்க, முழு காப்பர் கேட் 6 (கேட்ங்குறது நெட் ஒயரோட தரம்). விலை கம்மியா இருக்கறது அலுமினியத்து மேல காப்பர் பூச்சு, கைல தூக்குனாலே லேசா இருக்கும். நீளமா கெடக்குற ஒயருக்கு அது வேணாம். கேட் 5இயே 100 மீட்டர் வரைக்கும் ஒரு ஜிகாபிட் தாங்கும், ஃப்ளாட்டுக்குள்ள 15 மீட்டருக்கு கேட் 8 வாங்குங்கன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க. எலக்ட்ரீஷியன் கிட்ட கேசிங் பட்டி அடிக்க சொல்லும்போது ஈபி ஒயர் போற பைப்லயே இதையும் விட்டுடறேன் சார்னு சொல்வாரு, ஒத்துக்காதீங்க, ரெண்டும் தனித்தனியா போகணும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நம்ம ரவுட்டர மூணு விதமா வைக்கலாம். ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல வச்சா அது வெறும் வைஃபை குடுக்கும், ஒவ்வொரு சாமானுக்கும் ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க் விலாசம் குடுக்குற வேலைய பழைய பாக்ஸே பாத்துக்கும். சாதா ரவுட்டர் மோட்லயே வச்சு ஓஎன்டிக்கு பின்னாடி சொருகிட்டா ரெண்டு பேரும் ரவுட்டர் வேல பாப்பாங்க, அதுதான் டபுள் நேட். மூணாவது, ஓஎன்டிய பிரிட்ஜ் மோட்ல போட்டு அத வெறும் மாத்துற பொட்டியா ஆக்கிட்டு லாகின் உட்பட எல்லாத்தையும் நம்ம ரவுட்டரே பண்றது.

நெட்ல எங்க படிச்சாலும் டபுள் நேட்னா மகா பாவம்ங்குற மாதிரி எழுதறாங்க, உடனே பிரிட்ஜ் போடுங்கன்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நேட்ங்குறது வீட்டு சாமான் எல்லாத்தையும் ஒரே வெளி அட்ரஸுக்கு பின்னாடி வைக்கிற ஏற்பாடு, அபார்ட்மெண்ட் கேட்ல இருக்குற வாட்ச்மேன் மாதிரி, உள்ள இருந்து நீங்க ஆர்டர் போட்ட பார்சல் வந்தா எந்த வீடுன்னு தெரிஞ்சு அனுப்பிடுவாரு, யாருமே கேக்காம வர்ற ஆள கேட்லயே நிறுத்திடுவாரு. டபுள் நேட்னா ரெண்டு வாட்ச்மேன். நம்ம பாக்குற வீடியோ, வாட்ஸப் கால், பாங்க் ஆப், பெரும்பாலான ஆஃபீஸ் விபிஎன் எல்லாமே நம்ம கேட்டு வர்ற பார்சல்தான், ரெண்டு வாட்ச்மேன தாண்டி வர்றதுல ஒரு கஷ்டமும் இல்ல. வெளிய இருந்து வீட்டு கேமராவையோ கம்ப்யூட்டரையோ நேரா கூப்புடணும், போர்ட் ஃபார்வர்ட் (வெளிய இருந்து வர்றத வீட்டுல ஒரு குறிப்பிட்ட சாமானுக்கு அனுப்புற செட்டிங்) வேணும், கேம் கன்சோல்ல நேட் டைப் ஸ்ட்ரிக்ட்னு வருது, இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் பிரச்சனை.

அவங்களுக்கும் பிரிட்ஜ் போட்டா தீருமான்னா, அதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கணும். ஓஎன்டியோட ஸ்டேட்டஸ் பேஜ்ல வேன் ஐபின்னு ஒண்ணு இருக்கும். அத எழுதி வச்சுக்கிட்டு ப்ரவுசர்ல என் ஐபி என்னன்னு தேடி பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னா உங்களுக்கு சொந்த பப்ளிக் ஐபி, அதாவது வெளி உலகத்துல இருந்து நேரா எட்டுற அட்ரஸ் இருக்கு, யோகம். வேன் ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சாலோ, இல்ல 10ல ஆரம்பிச்சாலோ, நெட்காரர் சைடுலயே சிஜிநேட் இருக்குன்னு அர்த்தம், அதாவது உங்களையும் இன்னும் பல வீட்டையும் சேத்து ஒரே பப்ளிக் ஐபிக்குள்ள அடச்சு வச்சிருக்காங்க. அவங்களையும் ரொம்ப திட்ட முடியாது. ஐபிவி4ங்குற பழைய அட்ரஸ் முறைல மொத்தமே சுமார் 430 கோடி அட்ரஸ்தான், உலகத்துக்கே பொதுவா இருந்த ஸ்டாக் 2011 பிப்ரவரில தீந்துபோச்சு, நம்ம ஆசியா பக்கத்துக்கு அந்த ஏப்ரல்லயே ரேஷன் ஆரம்பிச்சுட்டாங்க. அந்த 100.64 ரேஞ்ச இதுக்குன்னே 2012ல தனியா ஒதுக்குனாங்க. நம்ம ஊர் வீட்டு கனெக்‌ஷன்ல இது சர்வ சாதாரணம்.

யோசிச்சு பாருங்க, சிஜிநேட் இருக்குற வீட்டுல ஓஎன்டி தனியா இருக்கும்போதே டபுள் நேட்தான். நம்ம ரவுட்டர் சேந்தா மூணு, பிரிட்ஜ் போட்டா திரும்ப ரெண்டு. வெளிய இருந்து உள்ள வர்றது மூணுலயும் முடியாது ரெண்டுலயும் முடியாது. நாள் முழுக்க உக்காந்து பிரிட்ஜ் போட்டு கைல என்ன கெடச்சுச்சுன்னா ஒண்ணும் இல்ல. அதனாலதான் என் வீட்டுல நான் பிரிட்ஜ் போடல, சாதா ரவுட்டர் மோட்லயேதான் ஓடுது, வீட்டுல யாருக்கும் அதால ஒரு குறையும் இல்ல. கேமரா வெளிய இருந்து பாக்கணும்னா டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் ஆப் போட்டுக்கலாம், ரெண்டு பக்கமும் உள்ள இருந்து வெளிய பேசி நடுவுல சந்திச்சுக்கும், எத்தன நேட் இருந்தாலும் கவல இல்ல. (அதுவும் அதே 100 ரேஞ்ச்லதான் அட்ரஸ் குடுக்கும், அத பாத்து சிஜிநேட்னு கொழம்பிடாதீங்க.) இல்லன்னா நெட்காரர்கிட்ட காசு குடுத்து ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத பப்ளிக் ஐபி வாங்கணும், சில பேர் வீட்டு ப்ளானுக்கு தர்றதே இல்ல.

டபுள் நேட் போடுறதுல கண்டிப்பா பாக்க வேண்டிய ஒரே விஷயம் அட்ரஸ் மோதல். ஓஎன்டியும் 192.168.1.1, நம்ம ரவுட்டரும் 192.168.1.1ன்னு இருந்தா ரவுட்டருக்கு எது உள்ள எது வெளியன்னே புரியாது, ஒண்ணு நெட் வராது இல்ல விட்டு விட்டு வரும். புது மாடல் சிலது தானா மாத்திக்கும், இல்லன்னா நம்மளே லேன் செட்டிங்ல 192.168.50.1ன்னு எதாவது மாத்திடணும். வேன் பக்கம் டைனமிக் ஐபின்னு விட்டா போதும், யூசர்நேம் பாஸ்வேர்ட் எதுவும் கேக்காது, ஏன்னா அந்த லாகின ஓஎன்டியே பண்ணிடுச்சு.

அடுத்து ஓஎன்டியோட வைஃபைய ஆஃப் பண்ணுங்க. இத பண்ணாமதான் பாதி வீட்டுல சண்ட. டிவி பழைய வைஃபைல இருக்கும், போன் புதுசுல இருக்கும், போன்ல இருந்து டிவிக்கு காஸ்ட் பண்ணா டிவியே தெரியாது, ப்ரிண்டர் காணாம போயிடும், எல்லாரும் புது ரவுட்டர திட்டுவாங்க. ரெண்டும் வேற வேற நெட்வொர்க், அப்படித்தான் இருக்கும். எல்லா சாமானையும் ஒரே ரவுட்டருக்கு கீழ கொண்டு வந்துடுங்க. ஒரு டிப், பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புது ரவுட்டர்ல வச்சுட்டீங்கன்னா அம்மா போன்ல இருந்து கீசர் ஸ்மார்ட் ப்ளக் வரைக்கும் தானா ஒட்டிக்கும், யார்கிட்டயும் பாஸ்வேர்ட் சொல்லிட்டு இருக்க வேணாம். ஆனா பழசு கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும்.

சரி, பப்ளிக் ஐபி இருக்கு, எனக்கு பிரிட்ஜ்தான் வேணும்ங்குறவங்களுக்கு. நெட்காரர் வந்தப்ப சும்மா கேட்டு பாத்தேன்.

“அண்ணா, பிரிட்ஜ் பண்ணி தருவீங்களா?”

“எதுக்கு சார் அதெல்லாம், அப்புறம் நெட் வரலன்னா நீங்க கம்ப்ளைண்ட் போடுவீங்க, ஆஃபீஸ்ல இருந்து பாத்தா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் மூணு மாடி ஏறி வரணும்.”

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. டிஆர்-069னு ஒரு வழி இருக்கு, அது மூலமா அவங்க ஆஃபீஸ்ல உக்காந்தே நம்ம பாக்ஸோட செட்டிங்க பாக்கவும் மாத்தவும் முடியும், பிரிட்ஜ் போட்டா நம்ம ரவுட்டருக்குள்ள அவங்களால எட்டி பாக்க முடியாது. இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, அவங்க அங்க இருந்து ஃபர்ம்வேர் (பாக்ஸுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) தள்ளும்போதோ பாக்ஸ் ரீசெட் ஆகும்போதோ நீங்க போட்ட பிரிட்ஜ் பறந்துடலாம், ஆஃப் பண்ண வைஃபையும் திரும்ப உயிரோட வந்து நிக்கலாம். ஒரு நாள் காலைல திடீர்னு நெட் இல்லன்னா இதையும் பாருங்க.

பிரிட்ஜுக்கு மூணு விஷயம் கைல இருக்கணும், பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் நம்பர் (VLAN, ஒரே லைன்ல இன்டர்நெட்டையும் வாய்ஸையும் பிரிச்சு வைக்கிற அடையாள நம்பர்). இந்த பிபிபிஓஇ 1999ல வந்த ஏற்பாடு, டயல்-அப் காலத்து லாகின் முறைய ஈதர்நெட் ஒயர் மேல ஏத்துனது, இன்னும் நம்ம ஊர்ல ஓடிட்டு இருக்கு. ஓஎன்டி பேஜ்ல பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாத்தான் தெரியும், அதனால மொதல்லயே கேட்டு வாங்கிடுங்க, அது இல்லாம பிரிட்ஜ்ல கைய வச்சா நடு வழில நிப்பீங்க. விலேன் நம்பர சில ஓஎன்டி அதுவே கழட்டிட்டு குடுக்கும், சிலது நம்ம ரவுட்டர்ல போட சொல்லும். பேஜ்ல இன்டர்நெட்டுக்கு ஒரு ப்ரொஃபைல், லேண்ட்லைன் வாய்ஸுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும், இன்டர்நெட்ட மட்டும் தொடுங்க, வாய்ஸ்ல கை வச்சா தாத்தா பாட்டி பேசற போன் செத்துடும். மாத்தறதுக்கு முன்னாடி எல்லா பேஜையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பிரிட்ஜ் போட்டதும் சில சைட் நல்லா தொறக்குது, சிலது வெள்ளையா சுத்திட்டே நிக்குதுன்னா எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்ல எத்தன பைட் போகலாம்ங்குற அளவ பாருங்க. ஈதர்நெட்ல 1500, பிபிபிஓஇ தலைல 8 பைட் எடுத்துக்குது, மீதி 1492. பெரும்பாலான ரவுட்டர் தானா வச்சுக்கும், கைல மாத்தி வச்சிருந்தாத்தான் வம்பு. சில லோக்கல் ஆபரேட்டர்ங்க லாகின் இல்லாம மேக் அட்ரஸ (ஒவ்வொரு பொட்டிக்கும் இருக்குற அடையாள நம்பர்) வச்சு பூட்டி வச்சிருப்பாங்க, அங்க ரவுட்டர்ல மேக் க்ளோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், பழைய பாக்ஸோட மேக்க அதுல போட்டா வழி விடும்.

புது அட்ரஸ் முறையான ஐபிவி6 பத்தி சுருக்கமா. அதுல அட்ரஸ் பஞ்சமே இல்ல, சிஜிநேட்டும் தேவையில்ல. ஆனா நம்ம ரவுட்டர் ஓஎன்டிக்கு பின்னாடி ரவுட்டர் மோட்ல இருந்தா அதுக்கு கீழ இருக்குற போனுக்கெல்லாம் ஐபிவி6 பெரும்பாலும் போய் சேராது, ஏன்னா ஓஎன்டிக்கு /64ன்னு சொல்ற ஒரே ஒரு அட்ரஸ் துண்டுதான் வந்திருக்கும், அத பிரிச்சு அடுத்த ஆளுக்கு குடுக்க முடியாது. சில ரவுட்டர்ல பாஸ்த்ரூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, போட்டு பாக்கலாம். பிரிட்ஜ் போடுறதுக்கு உருப்படியான காரணம்னு ஒண்ணு சொல்லணும்னா நான் இதத்தான் சொல்வேன்.

வைஃபை செட்டிங்ல பெருசா நோண்ட வேணாம். அபார்ட்மெண்ட்ல ஸ்கேன் பண்ணா 2.4ல மேல வீடு கீழ வீடு எதிர் ப்ளாக் எல்லாம் வந்து நிக்கும், அதுல ஒண்ணுமேல ஒண்ணு ஏறாத சேனல் 1, 6, 11 மூணுதான், காலியா இருக்கறத எடுத்து சேனல் அகலத்த 20 மெகாஹெர்ட்ஸ்ல வைங்க, 40ல வச்சா ஸ்பீடு ஏறும்னு நெனைப்போம், இந்த நெரிசல்ல எறங்கத்தான் செய்யும். போன் லேப்டாப் எல்லாம் 5 ஜிகாஹெர்ட்ஸ்ல இருக்கட்டும், அது சுவர் தாண்டாதுங்குறதாலதான் ரவுட்டர நடுவுல கொண்டு வந்ததே. எங்க வீட்டுல டைனிங் டேபிளுக்கு மேல லாஃப்ட் ஓரமா வச்சிருக்கேன், பின் பெட்ரூம்ல இப்ப கால் கட் ஆகறதில்ல. அழகா இல்லன்னு வீட்டுல புகார் இருக்கு, அது தனி கேஸ்.

கரண்டு. மெட்ராஸ்ல இத சொல்லாம விட முடியாது. மெயின்டனன்ஸ் ஷட்டவுன்னு காலைல போனா மதியம் வரைக்கும் வராது. வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல ரவுட்டர் இருக்கும், ஓஎன்டி இருக்குற ஹால் ப்ளக் இன்வெர்ட்டர்ல இருக்காது, அப்புறம் வைஃபை ஃபுல்லா காட்டுது நெட் வரலன்னு புலம்புவாங்க. ரெண்டு பொட்டிக்கும் கரண்டு வேணும். இன்வெர்ட்டர் இல்லன்னா 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம், ரெண்டு அடாப்டர்லயும் பின்னாடி எத்தன ஆம்பியர்னு பாத்து கூட்டி அதுக்கு தாங்குற மாடலா வாங்குங்க, ஒரே யுபிஎஸ்ல ரெண்டு ஒயர் பிரிக்கிறதா இருந்தா ரெண்டும் 12 வோல்ட்டான்னு கண்டிப்பா பாருங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப பள்ளிக்கரணை வேளச்சேரி பக்கம் நாள் கணக்குல கரண்டும் இல்ல ஃபைபரும் இல்ல, அதுக்கு எந்த யுபிஎஸ்ஸும் பத்தாது. ஆனா சாதாரணமா கேபிள் அறுந்து கெடக்குற நாளுக்கு யுஎஸ்பி போர்ட் இருக்குற ரவுட்டரா இருந்தா சில மாடல்ல போன சொருகி அந்த டேட்டாவயே வீடு முழுக்க அதே வைஃபை பேர்ல ஓட்டலாம். டிவியும் கேமராவும் மாத்துனதே தெரியாம ஓடிட்டு இருக்கும், போன் டேட்டா தீர்றதுதான் தெரியும்.

கடைசியா, நெட் போச்சுன்னு கஸ்டமர் கேருக்கு கூப்டா மொதல் கேள்வியே வேற ரவுட்டர் போட்டிருக்கீங்களா சார்னுதான் இருக்கும், ஆமான்னு சொன்னா கேஸ க்ளோஸ் பண்ணப் பாப்பாங்க. அதனால கூப்புடறதுக்கு முன்னாடி லேப்டாப்ப ஒயர்ல நேரா ஓஎன்டில சொருகி பாத்துட்டு, அதுலயும் வரல, எல்ஓஎஸ் லைட் இந்த கலர்ல எரியுதுன்னு சொல்லுங்க. ஓஎன்டி லாகின், பிபிபிஓஇ இருந்தா அது, ரவுட்டர் பாஸ்வேர்ட் மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி பொட்டிக்கு கீழ ஒட்டி வைங்க, நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்குத்தான் அது தேவைப்படும்.